இடது காது

வெனூசியாவில் தேர்தலுக்கு இன்னும் பதினேழு நாள்.
முதலாளி நுமேரியுஸின் அங்கிக்குச்
சுண்ணாம்பு தேய்க்கிறார்கள்.
வெள்ளைக்கு மேல் வெள்ளை.
எத்தனை பெரிய கூட்டத்திலும் பார்த்தவுடன் தெரிய வேண்டுமாம்,
இவனுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்று.
சலவைக்காரன் கரிசியுஸ் தும்முகிறான்.
'போன தடவை தோற்றவனுக்கும் இதே கட்டிதான்' என்கிறான்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் பெயர்சொல்லி.
அவருடைய இடது தோளுக்கு அரையடி பின்னால் நடப்பேன்.
எதிரே வருகிறவன் பத்தடி தொலைவில் இருக்கும்போதே
அவன் பெயரை அவர் காதில் ஊற்றிவிட வேண்டும்.
'கல்வேந்தியுஸ். ரொட்டிக்காரன்.
மூத்த மகளுக்குப் பிள்ளை தங்கவில்லை.'
உடனே கை நீளும், குரல் இறங்கும்:
'கல்வேந்தியுஸ்! மகள் எப்படியிருக்கிறாள்?'
மாவு படிந்த கண்ணிமை நனையும்.
சில நாள் எனக்கும் நனைவதுண்டு.
அது வேலைக்கு ஆகாது. அதற்குள்
அடுத்தவன் வந்துவிடுவான்.

ஆம்பிதியோ என்கிறார்கள் இதை.
சொல்லைப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை.
'சுற்றி' என்று ஒரு துண்டு,
'போ' என்று ஒரு துண்டு.
சுற்றிப் போ.
மீன்கடையைச் சுற்றி, குளியல் கூடத்தைச் சுற்றி,
வாக்கு இருக்கிற ஒவ்வொரு ஆளையும் சுற்றி.
வாக்கில்லாத விதவை வழிமறித்தால்
அவளுக்குப் பெயர் சொல்லாதே, வேகமாக நட.
பின்னொரு காலத்தில் யாராவது
இந்தச் சொல்லுக்குச் சிறகு தைக்கலாம்,
பேராசை என்று ஏசலாம்,
இலட்சியம் என்று பிள்ளைகளுக்கு எழுதிப் போடலாம்.
இப்போதைக்கு இது என் குதிகால் வெடிப்பு.

அதே வயிற்றில் பிறந்த இன்னொரு சொல்லும் உண்டு, ஆம்பிதுஸ்.
பகலில் கையைப் பிடித்தால் அண்ணன்.
இரவில் அந்தக் கைக்குள் காசை வைத்தால் தம்பி.
தம்பிக்குத்தான் சட்டமும் தண்டனையும்.
இருவரோடும் நடந்தவன் நான்.
இருட்டில் வீடு கண்டுபிடிக்க
ஒருவன் வேண்டுமே.

சந்தை நாள். வெயில்.
சுண்ணாம்பு வியர்வையில் கரைந்து
அவர் கழுத்தில் பாலாக வழிகிறது.
கல்வேந்தியுஸ் சூடான ரொட்டியொன்றைப் பிய்க்கிறான்,
அவருக்குப் பாதி.
மீதியை என் பக்கம் நீட்டிக்கொண்டே
அவரிடம் கேட்கிறான்:
'தினமும் உங்களோடு வருகிறானே,
இவன் பெயர் என்ன?'

முதலாளி புன்னகைத்தார்.
பழக்கத்தில்
தலையை இடப்பக்கம் சாய்த்தார்.

அந்தக் காது.
நரைத்த மூன்று முடி, மடலில் ஒரு மரு.
ஒன்பது வருடம் ஊர் முழுவதையும் அதில் ஊற்றியிருக்கிறேன்.
சந்தையில் என்னை வாங்கியபோது ஒட்டிய பெயர்
பிலெரோஸ். அது நாக்கின் நுனியில்தான் இருந்தது.
ஆனால் நான் சொன்னது வேறு,
எப்ரோஸ் ஆற்றங்கரையில் என்னைப் பெற்றவள் வைத்தது.

'டிசாஸ்!' என்றார் நுமேரியுஸ்
கணீரென்று, சந்தை திரும்பிப் பார்க்க,
'நம்முடைய டிசாஸ்!'
என் முதுகில் ஒரு தட்டு.
பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் போல.

ரொட்டி தொண்டையில் இறங்க நேரமாயிற்று.
சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று
அந்த ஒரு விழுங்கலில் எனக்குப் புரிந்தது.
ஓர் அன்னிய வாயில் தன் பெயர்.
கேட்டுவிட்டால்
இன்னொரு வாய் வேண்டும் போலிருக்கிறது.

அவர் ஜெயித்தார்.
அங்கியை வெளுத்தார்கள், சுண்ணாம்பு சாக்கடையில் போயிற்று.
இப்போது அவருக்கு யார் பெயரும் தேவையில்லை,
அவரவரே வந்து சொல்லிக்கொள்கிறார்கள்.
என்னைக் கணக்கு எழுத அனுப்பிவிட்டார்.
'ஏ பிலெரோஸ்' என்கிறார். மறந்துவிட்டார், பாவம்.

நேற்று எண்ணெய் வாங்கப் போனேன்.
கால் தானாகவே பழைய சுற்றில் போயிற்று,
மீன்கடை, குளியல் கூடம், ரொட்டி அடுப்பு.
பின்னாலிருந்து கல்வேந்தியுஸ் கூவுகிறான், 'டிசாஸ்! டிசாஸ்!'

யாரையோ கூப்பிடுகிறான் என்று
நாலடி நடந்துவிட்டேன்.